ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவனுக்கு

மச்சான்,

போன சனிக்கிழமை உன் மனுசி சாந்தி வந்திருந்தா. வீடு மாறுகிறார்களாம், அலுமாரிகளை ஒதுக்கும்போது கிடைத்தது என்று ஒரு கடைப் பையை என் கையில் தந்தா. "இது உங்களிட்டைத்தான் இருக்கவேணும் அண்ணை" என்றா. உள்ளே உன் பேஸ்பால் கிளவுஸ். தோல் கறுத்து, விரல் நுனிகள் உள்ளே மடிந்து கிடந்தது. பஸ்ஸில் வரும்போது மழையில் பை நனைந்திருந்ததால், கிளவுஸைத் துடைத்து, அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டருக்கு மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். கேத்தில் கொதித்து முடிவதற்குள் வீடு முழுக்கத் தேங்காயெண்ணெய் மணந்தது.

நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். சாந்தி முன்னறையிலிருந்து என்ன அண்ணை, என்ன அண்ணை என்று இரண்டு தரம் கேட்டா. அவவுக்கும் அந்த மணம் தெரிந்திருக்கும், பிறகு கேட்கவில்லை.

உனக்கு நினைவிருக்கும். கிளவுஸுக்கு எண்ணெய் பூசவேண்டும், அப்போதுதான் தோல் இளகும் என்று நம் குழுவை நடத்திய வால்டர் சொன்னதை வைத்துக்கொண்டு, நம் அறையில் இருந்த ஒரே எண்ணெயை, உன் தலைக்கு வைக்கிற எண்ணெயை, அரைப் போத்தல் அதில் ஊற்றித் தேய்த்தாய். இந்த நாட்டுச் சித்திரை மாதத்துக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு எப்படித் தெரியும்? ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தால் கிளவுஸ் வெள்ளை பூத்துப் பலகை மாதிரி நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ரேடியேட்டரில் அரை மணி நேரம் வைத்து எண்ணெயை உருக்கித்தான் புறப்படுவோம். கிளவுஸை விரித்தால் கலியாண வீட்டுப் பெண்ணின் தலை மாதிரி மணக்கிறது என்று நான் சொல்வேன். நீ அதை என் முகத்தில் அப்புவாய்.

பேஸ்பாலுக்கு நாங்கள் போனதே ஒரு தற்செயல்தான். எண்பதுகளின் கடைசி. இருவரும் அகதியாக வந்து, ஒரே அறையில் இருந்து, பாண் சுடுகிற ஒரே தொழிற்சாலையில் காலை ஷிப்ட் செய்தோம். அங்கே மெசின் திருத்துகிற வால்டர் கனடாக்காரன். ஒருநாள் மேல் தட்டிலிருந்து ஒரு பாண் அச்சு வழுக்கி விழ, நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையால் அதைப் பிடித்து மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாய். அதைக் கண்டவன்தான் உன்னைக் கேட்டு வந்தான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டது. நான் போனது உனக்குத் துணையாக. என்னைப் பந்து அதிகம் வராத வலது மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஓடுகிறவன் ஒவ்வொன்றாகத் தொடவேண்டிய நான்கு பேஸ்களில், உன்னை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். ஷார்ட்ஸ்டாப். அடிக்கிறவர்களில் பெரும்பாலானோர் வலக்கைக்காரர்கள் ஆகையால் பந்து பாதிக்கு மேல் அங்கேதான் வரும். பாய்ந்து எடுத்து, மைதானத்தின் மறுபக்கத்தில் இருக்கும் முதல் பேஸுக்கு நீட்டி எறியவேண்டும். குழுவில் கெட்டிக்காரனுக்குத்தான் அந்த இடம்.

முதல் ஆட்டத்தில் பந்தை அடித்துவிட்டு, மட்டையையும் காவிக்கொண்டு நீ ஓடினாய். கிரிக்கெட் பழக்கம்; இங்கே மட்டையைப் போட்டுவிட்டல்லவா ஓடவேண்டும். முதல் பேஸில் மட்டையை நிலத்தில் நீட்டி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாய். மைதானம் முழுக்கச் சிரித்தது. நானும்தான். ஆனால் தரையில் வந்த பந்தை நீ எடுத்த விதத்தைப் பார்த்து அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் சந்தோசமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை என்று இப்போது சொன்னால் நீ நம்பமாட்டாய். அப்போது நான் சிணுங்கிக்கொண்டே வந்தவன். ஆட்டம் முடிந்ததும் நீ டெலிபோன் கார்ட் வாங்கிக்கொண்டு கொழும்புக்குக் கதைக்கப் போவாய். சாந்தியும் மகளும் அங்கே விசாவுக்குக் காத்திருந்தார்கள். நீ டெலிபோன் பெட்டிக்குள் நின்று மகளுக்குப் பாட்டுப் பாடுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை நிலையாக இருக்கவேண்டும், சம்பளத் துண்டு ஒழுங்காகக் காட்டவேண்டும், அப்போதுதான் அவர்களைக் கூப்பிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆகவே நீ ஒரு ஷிப்டும் தவறவிட்டதில்லை.

மூன்றாவது வருடம் நடந்ததைத்தான் எழுத வந்தேன். இவ்வளவு நேரம் சுற்றினேன், பொறுத்துக்கொள்.

அந்த வருடம் கென்ஜி என்று ஒரு ஜப்பான்காரன் குழுவுக்கு வந்தான். உணவகம் ஒன்றில் சமையல்காரன். சின்ன வயதிலிருந்து ஷார்ட்ஸ்டாப்பில் நின்று ஆடியவன். வால்டருக்கு முதுகுப் பிடிப்பு வந்திருந்ததால், யார் எங்கே நிற்பது என்று தாளில் எழுதுகிற வேலையை என்னிடம் தந்திருந்தான். ஓட முடியாதவனுக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் உதாரணம். உன் நண்பன் இரண்டாம் பேஸுக்கு மாறுவானா, கென்ஜியை அவன் இடத்தில் போடலாமா என்று வால்டர் கேட்டான். மாறுவான், நான் சொன்னால் கேட்பான் என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. நண்பன் என்றால் அவன் வாயும் நம்முடையது என்று நினைத்துவிடுகிறோம்.

அன்று பின்னேரம் அறையில் சொன்னேன். நீ சோறு குழைத்துக்கொண்டிருந்தாய். நிமிராமலே "ஏலாது" என்றாய்.

பிறகு தொடங்கியதுதானே அந்தத் தர்க்கம். ஐந்து வாரம். அறையில், பஸ்ஸில், தொழிற்சாலைக் கன்ரீனில். நான் நான்கு கோப்பைத் தட்டுகளை மேசையில் சாய்த்த சதுரமாக வைப்பேன். அவைதான் பேஸ்கள். சீனிக் கட்டி நீ. இந்தச் சீனிக் கட்டியை இந்தத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளுகிறேன், இதற்கா இவ்வளவு அழுங்குப்பிடி என்று கேட்பேன்.

முதலில் நீ சொன்னாய், இந்தப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஓடிவருகிறவன் எதிரே தெரிவான், அந்தப் பக்கத்தில் நின்றால் பிடரிப் பக்கமாக வருவான் என்று. நான் சொன்னேன், கண்ணைத் திருப்பு, கழுத்து எதற்கு இருக்கிறது. பிறகு சொன்னாய், நீட்டி எறிந்து பழகிய கைக்குக் கிட்டத்து எறிதல் பிசகும் என்று. நான் சொன்னேன், தூரத்துக்கு எறிகிறவன் கிட்டத்துக்கு எறியமாட்டானோ, இது என்ன கதை. மட்டையிலிருந்து வரும் பந்தின் சுழற்சி அந்தப் பக்கத்தில் வேறு மாதிரி என்றாய். கிரிக்கெட்டில் ஸ்லிப்பிலும் நின்றாய், கவரிலும் நின்றாய், அங்கே சுழற்சி இல்லையோ என்றேன். ஒவ்வொன்றாக வெட்டினேன். கன்ரீனில் மற்றவர்கள் கதிரையை இழுத்துக்கொண்டு கேட்க வந்தார்கள். ஆட்கள் கூடக் கூட எனக்கு உற்சாகம் ஏறியது.

ஒருநாள் சூப்பர்வைசரும் பக்கத்து மேசையில் இருந்தான். அன்றைக்குத்தான் என் பெரிய வாதத்தை எடுத்துவிட்டேன், அதுவும் எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில். நீ அதற்கு முந்தின குளிர்காலத்தில் பாண் தட்டுத் தூக்கும் வேலையை விட்டு லேபல் ஒட்டும் பக்கத்துக்குக் கேட்டு மாறியிருந்தாய். வேலையில் சுகமான இடம் கிடைத்தால் மாறுகிறாய், மைதானத்தில் மாறச் சொன்னால் மட்டும் நோகிறதோ, கை மரத்துப்போயிற்றோ என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தான். நீ அவனைப் பார்த்தாய். அவன் சிரித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மேசைக்குக் கீழே வைத்திருந்த இடக்கையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு எழும்பிப் போனாய்.

அந்தப் பார்வையை நான் கோபம் என்று எடுத்தேன். பயம் என்று விளங்க எனக்கு அரை வருடம் எடுத்தது.

இரவு உன்னைச் சமாதானப்படுத்துகிற எண்ணத்தில், உண்மையான காரணத்தைச் சொல்லு, விடுகிறேன் என்றேன். "உன்னட்டைச் சொன்னால் விடியமுன்னம் வால்டருக்குத் தெரியும்" என்று சிரித்தாய். நான் ரோசத்தோடு கோபித்துக்கொண்டேன். நீ சொன்னதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை.

அடுத்த ஞாயிறு நான் தாளில் எழுதினேன். கென்ஜிக்கு உன் இடம். உனக்கு இரண்டாம் பேஸ். தர்க்கத்தில் வென்ற நானே தீர்ப்பும் எழுதினேன். நீ தாளைப் பார்த்தாய். சண்டை பிடிப்பாய் என்று ஆயத்தமாக நின்றேன். கிளவுஸை மாட்டிக்கொண்டு பேசாமல் போய் அங்கே நின்றாய். பார்த்தாயா, மாறலாம்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் பேஸில் ஒரு வேலை இருக்கிறது, நான் கோப்பைத் தட்டுகளில் அதை எண்ணவே இல்லை. மற்றவர்கள் வேகமாக எறிகிற பந்தைப் பேஸில் கால் வைத்தபடி கிளவுஸில் வாங்கவேண்டும். வாங்கிய அந்தக் கணமே இடக்கை மூடவேண்டும். உன் பழைய இடத்தில் நீ தரையில் வந்த பந்தை நெஞ்சாலும் முழங்காலாலும் மறித்து, வலக்கையால் அள்ளி எறிந்து சமாளித்துவிடலாம். அந்த வருடம் தொடக்கத்திலிருந்தே நீ அப்படித்தான் ஆடினாய். கிரிக்கெட்காரனின் துணிச்சல் என்று நாங்கள் கை தட்டினோம். பேஸுக்கு வந்து பந்து வாங்கவேண்டிய வேளைகளில் மற்றவனைக் கத்திக் கூப்பிட்டு அனுப்பினாய். அதையும் உன் தலைமைக் குணம் என்று நினைத்தோம்.

கென்ஜி எறிந்த முதல் பந்து உன் கிளவுஸுக்குள் போய் வெளியே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது தரம் ஓடிவந்தவன் சறுக்கிக்கொண்டு உன் காலில் மோத, பந்து கிளவுஸைத் தட்டி உன் காறையெலும்பில் பட்டு, நீ புழுதியில் இருந்தாய். நான் என் மூலையிலிருந்து ஓடிவந்தேன். இரண்டு வருடத்தில் நான் ஓடிய பெரிய ஓட்டம் அது. வந்து உன்னைத் தூக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால், "கையை மூடன்ரா, கையை மூடினால் பந்து ஏன் விழுது?" என்று கேட்டேன்.

நீ கிளவுஸைக் கழற்றி, உன் இடக்கையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். சொல்லத்தான் போனாய் மச்சான். எனக்கு அது இப்போது நன்றாகத் தெரிகிறது. ஆனால் உன் வாய் திறக்கமுதல் நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துத் தந்துவிட்டேன். எண்ணெய் திரும்ப இறுகிப்போச்சோ என்று கேட்டேன்.

"ஓம்" என்றாய். "எண்ணெய்தான்."

அன்று வெயில் எறித்த நாள். எண்ணெய் இறுகுவதற்கு அங்கே குளிர் இருக்கவில்லை. மைதானத்தில் எல்லோரும் சேர்ட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். நான் யோசித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நீ மைதானத்துக்கு வரவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, உப்பை எடு, கதவைப் பூட்டு என்பதைத் தவிர வேறு கதை இல்லாமல் கோடை முழுவதும் போனது. நான் தாள் எழுதிக்கொண்டிருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் விம்பிள்டன் கோயிலுக்குப் போய் வந்தாய். விசா கிடைத்துவிட்டது என்ற செய்தியைக்கூட நான் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். அது எனக்குச் சுட்டது, எனக்குச் சுடவேண்டியதும்தான்.

அவர்கள் வந்து இறங்குகிற நாள் காலையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். மாதக்கணக்காக பெனியனும் ஸ்வெட்டருமாகத் திரிந்தவன், அன்று கலியாணத்துக்குத் தைத்த நீளக்கைச் சேர்ட்டைப் போட்டிருந்தாய். முன் பொத்தான்கள் பூட்டியிருந்தன. வலக்கையை என் முன்னால் நீட்டினாய். மணிக்கட்டில் துணி திறந்து தொங்கியது.

"இதைப் பூட்டிவிடு" என்றாய்.

கோடை முழுவதற்கும் பிறகு நீ என்னிடம் கேட்ட ஒன்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஏன், உன்ர இடக்கை என்ன செய்யுது என்று கேட்டேன். நீ இடக்கையைக் காட்டினாய். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சதை இல்லை. குழி விழுந்திருந்தது. மூடிக் காட்டு என்றேன். விரல்கள் பாதி வழிவரை வந்து நின்றுவிட்டன.

"எவ்வளவு நாளாய்?"

"போன மாரியிலை துவங்கினது. அவையள் வந்து இறங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வேலை போனால் எல்லாம் குழம்பிப் போயிடும்."

நான் பொத்தானைப் பூட்டினேன். அது இரண்டு தரம் வழுக்கியது. மெல்லப் பூட்டு, பிளேன் இறங்க இன்னும் நேரம் கிடக்கு என்றாய். பகிடி விட்டாய். அன்று விமான நிலையத்தில் மகளை நீ வலக்கையால் மட்டும் தூக்கினாய். சாந்தி அதைக் கவனித்ததை நான் கவனித்தேன்.

நரம்பும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து இல்லை. வால்தம்ஸ்டோவில் கவுன்சில் தந்த வீட்டுக்கு நீங்கள் போனபிறகு, நான் ஒவ்வொரு ஞாயிறும் விம்பிள்டனில் ரயில் எடுத்து, விக்டோரியாவில் மாறி வந்தேன். இடக்கை போனது, வலக்கை போனது, பிறகு கால். மூன்று வருடம். உன் மகள் உனக்குச் சோறு ஊட்டப் பழகினாள். நான் அதையெல்லாம் பார்த்தேன் மச்சான், ஆனால் அந்தத் தர்க்கத்தைப் பற்றி நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு ஒவ்வொரு ஞாயிறும் வசனம் தயாரித்துக்கொண்டு வருவேன். விக்டோரியாவில் ரயில் மாறும்போது அது குறைந்துவிடும். உன் படியில் ஏறும்போது ஒன்றும் இருக்காது.

கடைசி மாதத்தில் ஒருநாள், உன் குரல் மிகவும் தாழ்ந்துபோயிருந்தபோது, கோப்பைத் தட்டுகளை எடுத்து வரச் சொன்னாய். சாந்திக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிற்று. கட்டிலின் மேல் வைத்திருந்த பலகையில் நான்கையும் சாய்த்த சதுரமாக அடுக்கினேன். சீனிக் கட்டி ஒன்றையும் உன் பழைய இடத்தில் வைத்தேன். நீ கண்ணால் காட்டினாய். நான் அதை எடுத்து மெல்ல இரண்டாம் தட்டின் மறுபக்கத்துக்குத் தள்ளினேன். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய்.

"நீ சொன்னது சரி மச்சான். மாறி நிக்கலாம்தான். கை இருந்திருந்தால்."

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு அந்தச் சீனிக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். நீ எனக்கு வெற்றியைத் தந்துவிட்டுப் படுத்திருந்தாய். இல்லை, நீ சொன்னதுதான் சரி, உனக்கு ஏலாது என்றுதான் சொன்னாய், அதற்கு மேல் காரணம் கேட்க எனக்கு என்ன உரிமை என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நான் வந்தபோது நீ கதைக்கிற நிலையில் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு நீ இல்லை.

நான் இன்னும் அதே தொழிற்சாலையில்தான். இப்போது சூப்பர்வைசர். நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து, தட்டுத் தூக்கும் பக்கம் தனக்கு ஏலாது, வேறு இடம் தரமுடியுமா என்று கேட்டார். ஏன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அன்றைக்கே இடம் மாற்றிக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து, கன்ரீனில் அல்ல, வெளியே பஸ் தரிப்பில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உடம்புக்கு என்ன செய்யுது அண்ணை, டொக்டரிடம் காட்டினீர்களோ என்று மெல்லக் கேட்டேன். அவர் எனக்குச் சொன்னார். அதை நான் உனக்குக்கூட எழுதமாட்டேன்.

கிளவுஸ் ரேடியேட்டரில்தான் இருக்கிறது. எண்ணெய் உருகி, தோல் இளகி, இப்போது நன்றாக மூடுகிறது. நேற்று என் கையை உள்ளே விட்டு மூடிப் பார்த்தேன். பிறகு வேலைக்குப் போகச் சேர்ட்டைப் போட்டேன். வலக்கைப் பொத்தானை நான் எப்போதும் கடைசியாகத்தான் பூட்டுவேன். இடக்கை விரல் இரண்டு போதும், ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடியில் தினமும் உன் கை என் முன்னால் நீண்டு நிற்கிறது. ஏன் என்று கேட்காமல் பூட்டிவிடுகிறேன்.